காய்ந்த பிறகு கனத்த மண்

அந்த மண் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் தராசம்மா என்றே பெயர். காலையில் வந்தால் கைப்பையைக் கீழே வைக்குமுன் தராசுத் தட்டைத் துடைப்பார். ஒவ்வொரு டப்பாவையும் மூன்று முறை எடை போடுவார். மனிதர் பேச்சில் கலப்படம் இருக்கலாம், தராசில் இராது என்பது அவர் கட்சி.

ஈர மண்ணை எடை போட்டு, அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது எவ்வளவோ, அவ்வளவும் மண்ணிலிருந்த நீர். அந்த நீர் வாடல் எல்லைக்குக் கீழே போய்விட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. அன்று எலுமிச்சைத் தோட்டத்து டப்பாக்கள் எட்டில், எடை போட்டுப் பார்த்த முதல் ஏழும் அந்த எல்லைக்குக் கீழே நின்றன. அறிக்கை அப்படியே போனால், பிழைக்காத மரங்களுக்குத் தண்ணீர் எதற்கு என்று அவருடைய வாய்க்கால் தண்ணீர் முறையை வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள். தோட்டக்காரப் பெரியவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

தராசம்மாவின் கோபம் தோட்டத்திலிருந்து மண் எடுத்து வந்த ஊழியர்மேல் பாய்ந்தது.

"வண்டியில மூடியத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்ப! உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு தோட்டமே பலியா?" என்று நாலு பேர் முன்னால் வெளுத்து வாங்கினார்.

"டேப் சுத்தித்தான்க்கா கொண்டுவந்தேன்," என்றார் அவர், முகம் சுருங்க.

எட்டாவது டப்பாவில் வெறும் மணல். எடை போட்டார், மறுபடியும் போட்டார். உலர்த்துவதற்கு முன்பிருந்ததைவிட இரண்டு கிராம் கூடுதல்!

"என்னக்கா, மண்ணு அடுப்புக்குள்ள சாப்பிட்டுக் கொழுத்துடுச்சா?" என்றார் மண் எடுத்து வந்தவர்.

தராசம்மாவுக்குச் சுருக்கென்றது. நேற்று மூடிகளின் வெளிப்புறத்தில் சேறு. கழுவிக் காயவைத்துவிட்டு, ஈர மண் டப்பாக்களை மூடியில்லாமல் எடை போட்டிருந்தார், இன்றோ மூடியோடு. உலர்ந்துபோன நீரின் எடையை மூடியின் எடை மறைத்துவிட்டது. மூடி ஒவ்வொன்றையும் தனியே எடை போட்டுக் கணக்கைத் திருத்தினார். எட்டு டப்பாவும் வாடல் எல்லைக்கு மேலே ஏறி நின்றன.

வெளியே ஓடினார். "ஐயா, உங்க மரத்துக்கடியில இன்னும் தண்ணி இருக்கு!"

"அப்பாடா!" என்று பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

தராசம்மா உள்ளே வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"விடுங்கக்கா, போகட்டும்," என்றார் மண் எடுத்தவர்.

"போகக்கூடாது. நாலு பேர் முன்னாடி திட்டினேன். இங்க மூணு பேர்தானே இருக்காங்க?"

நான்காமவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை தராசம்மா உட்காரவில்லை. வந்ததும் கதவைச் சாத்தினார்.

"மூடி போடாம எடை போட்டது நான். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல," என்று சொல்லி, கைகூப்பினார். "என்ன மன்னிச்சுடுப்பா."