சுவருக்கு அங்காலை கேட்டது

...கள்ளன், வேறென்ன, பச்சைக் கள்ளன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரிக் குந்தியிருக்கிறான், அந்தத் தாடியைப் பிடித்து இழுத்து ஆருடைய பாட்டடா இது என்று கேட்டால் என்ன... பஸ்ரியன் முன்கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்தார். மேடையில் மஞ்சள் தலைமயிர்க்காரி ஒருத்தி சொல்லே இல்லாமல் ஆ, ஆ என்று இழுக்கிறாள், சொல் இல்லாவிட்டால் தெரியாதாமா, இவருடைய மனுசி செலீன், டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு பாடின ஒப்பாரி அது, மன்னாரில் பெரிய வெள்ளிக்குக் கோயிலில் பாடுகிற சேசுவின் ஒப்பாரி, தவசுகாலம் முடிந்தாலும் அவள் விடமாட்டாள், ஆடியிலும் பாடுவாள், நத்தாருக்குப் பலகாரம் சுடும்போதும் பாடுவாள், இழவு வீடா இது என்று இவர் கத்தினால் சத்தத்தைக் குறைப்பாளே ஒழிய நிறுத்தமாட்டாள்... மேலே போய் ஒருக்கால் நடுங்கி இறங்குகிற அந்த இழுப்புக்கூட அவளுடையது. அவள் செத்து ஒரு வருசம் ஆகவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டு ஒஸ்தாப் அதை எழுதி, மேலே தன் பெயரைப் போட்டு, உக்ரேன்காரரின் கோயில் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால்...

“அப்பா, கதிரையை விடுங்கோ, முன்னுக்கு இருக்கிற மனுசி திரும்பித் திரும்பிப் பாக்கிறா.” பக்கத்தில் இருந்த மகள் றெபேக்கா. இழுத்துக்கொண்டு வந்ததே அவள்தான்.

“உவன் கொம்மான்ரை பாட்டைக் களவெடுத்திட்டானடி.”

“ஷ்ஷ்... அம்மாட்டைக் கேட்டுத்தான் எழுதினவர்.”

“எப்ப?”

“நீங்கள் மோலுக்குக் கோப்பி குடிக்கப் போற நேரம். அம்மா ஓமெண்டு பாடியும் காட்டினவா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சன்னதமாடுவியள் எண்டவா. ப்ளீஸ் அப்பா.”

சன்னதமாடுவாராம்... ஆடாமல்? கட்டின புருசனுக்குத் தெரியாமல் கண்ட வெள்ளைக்காரனுக்குப் பாடிக் காட்டினாளாம், அவளுக்கு இங்கிலீசில் நாலு சொல் தெரியாது, அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, என்னத்தைக் கதைத்தார்கள் இரண்டு பேரும்? இவ்வளவு காலம் அந்தப் பியானோவை அவன் குத்து குத்தென்று குத்தினபோது தும்புத்தடியால் சுவரில் இடித்தது இவர், அந்தப் பேயன் தாளம் போடுகிறார் என்று நினைத்து அதுக்கேற்ற மாதிரி வாசித்தான், கட்டடம் பார்க்கிற சுப்பரின்ரன்ற்றிடம் முறையிட்டால் அவனும் சிரிக்கிறான். பெரிய இசைக்காரனாம், அங்கே உக்ரேனில் பழைய அரசாங்கம் இவனுடைய பாட்டில் கோயில் வாடை அடிக்குதென்று பூட்டி வைத்ததாம், இங்கே வந்து பகலில் கந்தோர்களில் நிலம் துடைத்தானாம், ஞாயிறுகளில் இந்தக் கோயில் பாடகருக்கு எழுதிக் கொடுத்தானாம், எல்லாம் றெபேக்கா காரில் வரும்போது ஓதினது. அங்கே சண்டை தொடங்கி இவன் தமக்கையின் மகன் காணாமற்போன பிறகு மூன்று வருசமாய் இந்த ஒன்றைத்தான் எழுதினானாம். காணாமற்போனவனுக்குப் பாட்டு! இவருடைய மகன் றூபனும்தான் வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமற்போனான், இவர் பாட்டா எழுதினார், அவன் இருக்கிறான், இருக்கிற பிள்ளைக்கு ஆரும் அழுவார்களா, இந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கண்ணீர் விடக்கூடாது என்று சொல்லித்தானே வைத்தார், செலீனும் அழவில்லையே, ஒரு நாளும் அழவில்லையே, பாட்டு மட்டும்தானே... முடியட்டும், கைதட்ட எழும்புவார்கள்தானே, அப்போது எழும்பிக் கள்ளன் என்று தமிழிலேயே கத்துகிறது, விளங்காவிட்டால் போகட்டும்...

பாட்டு நின்றது.

இடம் தெரியும். சேசு உயிர் விடுகிற இடம். மன்னாரில் அந்த இடத்தில் ஒப்பாரி சட்டென்று நிற்கும், கோயில் முழுக்க முழங்காலில் விழும், குஞ்சு குருமான் எல்லாம். இவர் நினைக்கவில்லை, மாதா மேல் ஆணையாக நினைக்கவில்லை, கால் தானாக மடிந்தது, வலது முழங்கால் முதலில், பிறகு இடது, கதிரைகளுக்கு நடுவில் நிலத்தில் முழந்தாளிட்டிருந்தார். பக்கத்துச் சனம் தங்கள் நெஞ்சில் கை வைத்து இவரைப் பார்க்கிறது, சீ, உவனுக்குக் கும்பிடு போடுகிறேன் என்று நினைக்கிறார்கள், உவனுக்கில்லை விசரர்களே, எழும்பவேணும், எழும்பி...

மேடையின் பின்பக்கம் பெரிய மேளத்தில் ஒருவன் மெல்லத் தட்டினான். தொம். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெல்ல, தொம்.

பிறகு ஒன்றுமில்லை.

மேளமா அது... பலகை நிலத்தில் ஏதோ விழுகிற சத்தம் மாதிரி, இப்போது இவருடைய இரண்டு முழங்காலும் விழுந்த மாதிரி, ஒன்று, பிறகு மற்றது. குசினியில் பாட்டு நிற்கும், அவள் உப்புப் பார்க்கிறாள் என்றுதானே இருந்தார், ரிவியில் செய்தி போகும், “அங்கை என்னடி விழுந்தது?” என்று கேட்பார், “ஒண்டுமில்லையப்பா, உருளைக்கிழங்கு” என்பாள். உருளைக்கிழங்கு... முழங்கால் நோகுது என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாளே, குளிர் என்றார் இவர், கொழுப்பு என்றும் சொன்னார்.

முன்வரிசையில் ஒஸ்தாப் திரும்பவில்லை, குனிந்தபடி இருக்கிறான், சுவரில் காது வைத்துக் கேட்கிறவன் மாதிரி. மேடையில் இன்னும் சத்தமில்லை, மஞ்சள் தலைமயிர்க்காரி வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், ஒருவரும் இருமவில்லை, இவ்வளவு நேரமா, ஒவ்வொரு நாளும் இவ்வளவு நேரமா முழங்காலில்...

றெபேக்கா கமக்கட்டுக்குள் கை கொடுத்தாள். “அப்பா, எழும்புங்கோ. முழங்கால் நோகப்போகுது.”

“பொறடி,” என்றார் பஸ்ரியன். “கொம்மா இன்னும் எழும்பேல்லை.”