எல்மூர்ஸாவின் சத்தியம்

காக்கசஸ் மலையூரிலிருந்து கிஸ்லியார் கோட்டையை முற்றுகையிடப் போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஏழே பேர். எல்மூர்ஸா கடைசியாக வந்தான். கணவன் உயிரோடு வந்துவிட்டான் என்று யாகிதாவால் மகிழ முடியவில்லை.

புறப்படுமுன் பள்ளிவாசலில் ஆண்கள் எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்: ருஷ்யப் பேரரசியின் அந்தக் கோட்டைக்குள் கால் வைக்காமல் திரும்பினால் மனைவிக்கு முத்தலாக். அதைவிடப் பெரிய சத்தியம் இல்லை என்றார்கள். அந்தப் பெருமையில் தனக்கும் பங்கிருப்பதாக அன்று அவள் நினைத்திருந்தாள்.

முல்லா ஒவ்வொருவராக விசாரித்தார். ஆறு பேர் வெளி மண்மதிலில் ஏறி உள்ளே குதித்ததாகச் சொன்னார்கள். மண்மதிலும் கோட்டைதான் என்று முல்லா ஆறு குடும்பங்களைக் காப்பாற்றினார். எல்மூர்ஸா மட்டும், தான் மதிலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, வழிதவறி நாணல் சதுப்பில் புதைந்து பீரங்கிச் சத்தம் கேட்டதோடு சரி என்றான்.

வாசல்வரை கூட வந்த சிநேகிதன் சீறினான். "நாங்களும் அதே சேத்துலதானேடா கிடந்தோம். உனக்கு மட்டும் தனியா சொர்க்கம் கட்டி வச்சிருக்கா?"

உள்ளே யாகிதா மெதுவாகக் கேட்டாள். "ஏறினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லிட்டு உன்கூட வாழ்ந்தா ஹராம்."

"சத்தியத்துக்கு நான்தானா கிடைச்சேன்? குதிரையை வச்சுப் பண்ணியிருக்கலாமே."

"குதிரை சண்டைக்கு வேணுமே."

கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பொய்யனோடு வாழ்ந்திருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வாழ்ந்திருப்பாள், ரொட்டி சுட்டுப் போட்டு, பிள்ளை பெற்று, நிம்மதியாக. அப்படி நினைக்க அவளுக்கு வெட்கமாகவே இல்லை. அவனுடைய நேர்மை அவன் மறுமைக்கு உதவும். அதற்கான விலையை அவளல்லவா கொடுக்கிறாள்!

காலையில் அவள் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்தான். நான்கு வயது மகள் பெதிமத், ஊர் வழக்கப்படி தகப்பன் குலத்துப் பிள்ளை. அவளைக் கொண்டுபோக முடியாது. ஆறு வீட்டுப் பெண்களும் பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்மூர்ஸா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அங்கே மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. ஒன்பது வருஷமாக அவளும் சொன்னதில்லை. இனி என்ன தடை?

"எல்மூர்ஸா," என்றாள். "புள்ளைக்குக் குளிர்ல காதுவலி வரும். தூங்குறப்ப குல்லாயைக் கழட்டிடாதே."

அவன் வாய் திறக்குமுன் வண்டியில் ஏறி, மாட்டை ஓட்டச் சொன்னாள்.