ஆல்ட்டில் வைத்த கட்டைவிரல்

பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றில் அவன் பிழை திருத்துபவன். திரையின் இடப்பாதியில் எழுத்தாளர் அனுப்பிய மூலம், வலப்பாதியில் அச்சுக்கு அடுக்கிய பக்கம். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவதுதான் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சலவைக்கடையில் வேலை பார்க்கும் அக்காவோடு இருந்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவன் வலது கை விரல்கள் மவுஸைப் பிடிக்க மறுத்தன. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"தசை கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது. மருந்து கிடையாது. அடுத்த கைக்கும் வரும்."

"எப்போ டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

ஆபீசில் அவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கீபோர்டு குறுக்குவழிகளைத் தேடிப் படித்தான். இடது கையால் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு, மடங்கிப்போன வலது விரல்களின் முட்டியால் அம்புக்குறியை இடிப்பான். திரையில் திறந்திருக்கும் ஜன்னல் சட்டென்று பாதித்திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆல்ட் பட்டனைப் பிடித்தபடி டேப் பட்டனைத் தட்டினால் அடுத்த ஜன்னல் முன்னால் வரும். பழகப் பழக முன்பைவிட வேகமாகவே பக்கங்கள் முடிந்தன.

"மவுஸைத் தொடுறதே இல்ல, ஆனா உங்களுக்குத்தான் இங்க மவுசு!" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டலடித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நம்ம ஆளுங்களுக்கும் ஒருதடவை சொல்லிக்குடுப்பா," என்றார். மறுப்பதற்கு அவனிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது.

எல்லோரும் அவன் மேசையைச் சுற்றி நின்றார்கள். இடது கட்டைவிரலை ஆல்ட்டில் வைத்து நடுவிரலால் டேபைத் தட்டினான். கட்டைவிரல் நழுவியது. வேறு ஏதோ ஜன்னல் திறந்தது. மறுபடி வைத்தான், மறுபடி நழுவியது. வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "அக்கா, இடதும் போயிட்டிருக்கு," என்றான். அக்கா அவன் சட்டைப் பட்டன்களைக் கழற்றிவிட்டாள்.

கீபோர்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் வசதி கம்ப்யூட்டரில் இருந்தது. அதை வைத்துச் சில வாரம் தள்ளினான். பிழைகள் கண்ணில் பட்டன. கைதான் போய்ச் சேரவில்லை. மேலாளர் தனியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கப்பா," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

அக்கா விடுவதாக இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "நீ வாயால சொல்லுடா, நான் அழுத்துறேன். வீட்டுக்கே வேலை கேட்டு வாங்கலாம்."

அவன் சொல்லச் சொல்ல அழுத்தினாள். ஒரு ஜன்னல் சுருங்கியது, இன்னொன்று காணாமல் போனது. மூன்றாவது வரியிலேயே அவள் கண்கள் சொருகின. பகல் முழுக்க இஸ்திரிப்பெட்டியோடு நின்று வந்தவள்.

"போதும்க்கா. மூடிடு."

"நாளைக்குப் பழகிடுவேன்டா."

"வேணாம்க்கா."

திறந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு மேசைமேல் கிடந்த அவன் கைகளை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, சாப்பாடு எடுத்துவர எழுந்து போனாள்.