எலியேசர் வாசிக்காத கதை

தன் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்தை வன்னியம்பட்டி எலியேசர் கேள்விப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது. சொன்னவர் அவருடைய மனைவியின் தம்பி ஜேசுதாசன்.

“அத்தான், நீங்க மனசைத் திடப்படுத்திக்கிடணும். ராஜபாளையத்துல ஜமால் முகமதுன்னு ஒருத்தர் ‘ஊசிமுனை’ன்னு மாசப் பத்திரிகை போடுதாருல்லா? அதுல உங்களை வச்சுக் கதை எழுதிப்புட்டாரு. பேரை மட்டும் மாத்தி, பூசணிக்காய்ப் பிரபுன்னு போட்டிருக்கு.”

“என்ன எழுதியிருக்கான்?”

“அதை என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

ஜேசுதாசனின் உதட்டோரம் துடித்தது. துக்கம் என்றே எலியேசர் எடுத்துக்கொண்டார்.

அது 1936ஆம் வருஷம். அந்த வட்டாரத்தில் எலியேசர் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தவர் அதுவரை யாரும் இல்லை. சிரித்திருந்தாலும் அவர் காதுக்கு வந்ததில்லை. கோயில் மணிக்கூண்டு அவருடைய தாத்தா கட்டிக் கொடுத்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தபோது நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதவர் அவருடைய அப்பா. முழங்கால் வாதத்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். எப்படியானாலும் எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட பெயரை ஒருவன் அச்சில் ஏற்றிச் சிரிக்க வைப்பதா?

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டிப் போய், வக்கீல் வைகுண்டராஜின் எதிரே முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

“மானநஷ்டக் கேஸ் போடணும். அவன் கோர்ட்டுல கைகட்டி மன்னிப்புக் கேட்கணும்.”

“போடலாம். கதையில எந்த இடம் உங்களைக் குறிக்குது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க வாசிக்கலையா?”

“வக்கீலய்யா, ஒருத்தன் என் மேல காறித் துப்பினா, அதைக் கையில எடுத்துப் பாத்துக்கிட்டா இருப்பேன்?”

வைகுண்டராஜ் பேனாவை மூடினார். பிறகு ஃபீஸை நினைத்துத் திறந்தார்.

“சரி, வாசிக்க வேண்டாம். ஆனா கதையில உங்க பேரு இல்ல. வாசிச்ச உடனே இது எலியேசர்தான்னு தெரிஞ்சுக்கிட்டோம்னு நாலு பேர் கூண்டுல ஏறிச் சொல்லணும். அந்தப் பிரபு முட்டாள், தற்பெருமைக்காரன். அவன் நீங்கதான்னு நாமளே நிரூபிக்கணும். அதுதான் கேஸ். யோசிச்சுக்கிடுங்க.”

“நிரூபிச்சிருவோம்” என்றார் எலியேசர். எடுத்த காரியத்தில் அந்தக் குடும்பத்தார் பின்வாங்கியது கிடையாது.

சாட்சி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்களெல்லாம் கதையை வாசித்திருந்தார்கள். கேட்டால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவருக்குக் கோட்டு தைக்கிற பால்ச்சாமியைக் கூப்பிட்டு விட்டார்.

“ஏலே, அந்தக் கதையை வாசிச்சியா?”

“வாசிச்சேன் அய்யா. மன்னிக்கணும்.”

“அதுல வாரது யாரு?”

“சத்தியமா நீங்க இல்ல அய்யா.”

“நான்தாம்ல!”

“அய்யோ, உங்களைப் போயி யாரு அப்படிச் சொல்லுவா? எனக்கு வாசிக்கும்போது எங்க பெரியப்பா ஞாபகமாவே இருந்துச்சு. அம்புட்டும் அவிய குணம்தான்.”

எலியேசருக்கு முகம் சிவந்துவிட்டது.

“உன் பெரியப்பனா? பத்திரிகையில எழுதுத அளவுக்கு உன் பெரியப்பனுக்கு என்னலே கௌரவம் இருக்கு?”

பால்ச்சாமி பயந்துபோய், அது அய்யாதான் என்று ஒப்புக்கொண்டான். இப்படியே மிரட்டி இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தார். ஒருவருக்குக் கதையில் தன் சம்பந்தி தெரிந்திருந்தார். மற்றவருக்குப் பழைய கணக்குப்பிள்ளை. முதல் சாட்சியாக வர ஜேசுதாசன் மட்டும்தான் தானாக முன்வந்தார். சந்தேகமே இல்லாமல் அத்தான்தான் என்று சொன்னவரும் அவர் ஒருவரே. நான்கு தடவை வாசித்ததாக வேறு சொன்னார். உறவு என்றால் இதல்லவா என்று எலியேசர் நெகிழ்ந்துபோனார்.

விசாரணையன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிற்க இடமில்லை. ஜமால் முகமது மெலிந்த மனிதர். விரல் நகங்களில் அச்சுமை படிந்திருந்தது. வக்கீல் வைக்காமல் தானே பேசினார்.

“கனம் கோர்ட்டாரே, நான் யாரையும் நினைச்சு எழுதல. எல்லாரையும் நினைச்சுத்தான் எழுதினேன். கதையை முழுசா இங்கே வாசிக்கச் சொல்லணும். அது ஒண்ணுதான் என் வேண்டுகோள்.”

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். எலியேசர் மோவாயை உயர்த்தி, சுவரைப் பார்த்தபடி நின்றார். காதை மூடிக்கொள்ளக் கோர்ட்டு விதியில் இடமில்லை.

கதையில் வரும் பிரபு, கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை ஏலத்தில் கேட்கிறார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. குறைந்த விலைக்குப் போனால் தன் கௌரவம் என்னாவது என்று, தான் கேட்ட விலைக்கு மேல் தானே கேட்கிறார். தன்னோடு தானே போட்டி போட்டு, ஏழு தடவை ஏற்றி, கடைசியில் தன்னைத் தோற்கடித்துக் காயை வாங்குகிறார். அதை வெட்டினால் வந்தவருக்குக் காட்ட முடியாதே என்று அழுகும்வரை முன்கூடத்திலேயே வைத்திருக்கிறார்.

கூட்டம் சிரித்தது. எலியேசர் திடுக்கிட்டார். போன வருஷம் ஜேசுதாசன் வாழைத்தாரை ஏலத்தில் எடுத்தது அச்சாக இப்படித்தான்! எலியேசரும் ஏலத்தில் விலையை ஏற்றுவது உண்டு. ஆனால் அது கர்த்தருக்காக. ஜேசுதாசன் ஏற்றுவது ஊர் பார்ப்பதற்காக.

குமாஸ்தா தொடர்ந்தார். பிரபு உயிரோடிருக்கும்போதே தன் கல்லறைக்குக் கல் வெட்டி வைத்து, சாயங்காலந்தோறும் யாராவது நின்று வாசிக்கிறார்களா என்று பார்க்கப் போகிறார். எலியேசர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எலியேசரும் கல் வெட்டி வைத்திருந்தார். அது முன்யோசனை. அதைப் பார்த்து ஜேசுதாசனும் ஒன்று வெட்டினாரே, அது வெறும் பகட்டு.

பிறகு அந்த இடம் வந்தது. ஜெபக் கூட்டத்தில் பிரபு முழங்காலிட்டு, “ஆண்டவரே, நான் பாவிகளில் பிரதான பாவி” என்று கண்ணீர் விடுகிறார். பக்கத்திலிருந்தவர் உருக்கமாக “ஆமென்” என்கிறார். அன்றிலிருந்து பிரபு அந்த மனிதரோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

எலியேசரால் முடியவில்லை. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆமென் சொன்னதற்காக அவரும் ஒரு தடவை பால்ச்சாமியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஆனால் பால்ச்சாமி அதைச் சொன்ன தொனி அப்படி. இதுவோ வேறு. அவர் திரும்பி, சாட்சிக் கூண்டருகே காத்திருந்த ஜேசுதாசனை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஏலே மாப்ளே, இது நீதாம்ல! அச்சு அசல் நீயேதான்!”

“அத்தான், கோர்ட்டுல வச்சு என்ன பேசுதிய? நான் நாலு தடவ வாசிச்சவன். வரிக்கு வரி நீங்கதான்!”

“நீ!”

“நீங்க!”

பால்ச்சாமி மட்டும் தாழ்ந்த குரலில், “எங்க பெரியப்பாதான்” என்றான்.

மேஜையைத் தட்டிய மாஜிஸ்திரேட்டின் முகத்திலும் சிரிப்பு அடங்கவில்லை. அவர் யாரை நினைத்துச் சிரித்தாரோ தெரியாது. கதை குறிப்பது தன்னை அல்ல, வேறொருவரை என்று புகார்தாரரே திறந்த கோர்ட்டில் சொல்லிவிட்டதால் கேஸ் தள்ளுபடி என்று எழுதினார்.

வைகுண்டராஜ் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, “தோத்துட்டோம்” என்றார்.

“யாரு தோத்தது?” என்றார் எலியேசர். “பிரபு நான் இல்லன்னு சர்க்கார் எழுதிக் கொடுத்திருக்கு. எங்க குடும்பப் பேருக்கு இதைவிட என்ன வேணும்?”

ஜேசுதாசன் தன் சார்பில் புதிதாக ஒரு கேஸ் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். அதற்கு யார் சாட்சி சொல்வார்கள் என்று வக்கீல் கேட்டபோது, நின்று யோசித்தார். அவர்தான் என்று கைநீட்டியவர் அத்தான் ஒருவர்தான்.

வெளியே ஜமால் முகமது தன் பத்திரிகைக் கட்டோடு வில்வண்டி அருகே நின்றிருந்தார். எலியேசர் நேரே அவரிடம் போனார். கூட்டம் விலகி வழிவிட்டது.

“எழுத்துன்னா இப்படித்தான் இருக்கணும். மனுஷ சுபாவத்தைக் கண்ணால பாத்த மாதிரி எழுதியிருக்கீரு. இருபது பிரதி கொடும். எங்க சபையில வீட்டுக்கு ஒண்ணு கொடுக்கப் போறேன்.”

“பிரதியில ஏதாவது குறிச்சுத் தரணுமா அய்யா? இன்னார்னு?”

“வேண்டாம், வேண்டாம். வாசிச்ச உடனே ஊருக்கே தெரிஞ்சிரும், யாருன்னு.”

“தெரிஞ்சிரும் அய்யா” என்று ஜமால் முகமது பணிவோடு சொல்லி, இருபதையும் எண்ணிக் கட்டிக் கொடுத்தார்.