மேல் கிராமத்துக்குப் பஸ் போகாது

1

இந்தக் கதை நான் யோசித்தது அல்ல. என் வீட்டு ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் மனசு பொறுக்காமல் கொட்டினார், நான் பொறுக்கிக்கொண்டேன்.

தொடக்கத்தை மாற்றி மாற்றி எழுதினேன். 'பனி விலகிய மலைப்பாதையில் கணவனும் மனைவியும் கைகோத்து...' வேண்டாம். அவர்கள் மலைக்குப் போகவே இல்லை. 'நெடுநாள் இல்லறத்தின் இனிய...' இதுவும் வேண்டாம். வாழ்த்து அட்டை வாசனை அடிக்கிறது.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2

மெக்கானிக்குக்கு வெயில் காலம்தான் பிழைப்பு. ஊரே ஏசி போடும் அந்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். வருஷா வருஷம் வெயில் தொடங்கினதும் கேட்பாள்: "மலையில இப்ப பழ மரமெல்லாம் பூத்திருக்குமாம். நாலு நாள் போயிட்டு வரலாமா?"

"சீசன் முடியட்டும்" என்பார். அது முடியும்போது பூவும் முடிந்திருக்கும். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே விட்டாள். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது.

(கவனித்தீர்களா? அவருக்கு 'ர்', அவளுக்கு 'ள்'. கதை அவர் வாய்வழி வந்ததால் வந்த வினை. திருத்தப் போனேன், அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது என்று விட்டுவிட்டேன்.)

இந்த வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏணி ஏறக்கூடாது என்றார் டாக்டர். ஏசி வேலை போயிற்று, ஃபிரிட்ஜ் மட்டும் மிச்சம். கையில் நேரம் வந்ததும் மனைவி ஞாபகமும் வந்தது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேசைமேல் வரைபடத்தை விரித்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முத நாள் ரயில். அடிவாரத்துல தங்கறோம். மறுநாள் பஸ் புடிச்சா நேரா மேல் கிராமம். ஆத்தப் பாத்த மாதிரி ரூம் சொல்லிவச்சிருக்கேன்."

"மேல் கிராமத்துக்குப் பஸ் போகாது" என்றாள், தலை நிமிராமல். "பாலத்தோட எறக்கிவிட்டுருவான். அங்கேருந்து செங்குத்தா ஏத்தம். உங்க இடுப்பு தாங்காது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போயிருக்கேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"டிரெய்னிங்னு சொல்லிட்டுப் போனேனே, அப்ப. உங்களக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு."

"யாரோட போன?"

"தனியா."

"உண்மையச் சொல்லு. யாரோட?"

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "யாராவது இருந்திருந்தா உங்களுக்கு வசதியா இருந்திருக்கும், இல்ல? கத்தறதுக்காவது ஒரு ஆள் கெடைச்சிருப்பான்."

4

என் முதல் பிரதியில் அப்படி ஓர் ஆள் இருந்தான். எக்ஸ்ரே எடுப்பவன், நல்ல சிரிப்பு. நீலக் கம்பளிச்சட்டைகூட மாட்டிவிட்டேன். பிறகு அடித்துவிட்டேன். அவன் நுழைந்ததும் மெக்கானிக் தப்பித்துவிடுகிறார். பழியெல்லாம் அவள் தலையில்.

"இப்பவாவது ரெண்டு பேரும் போலாமே" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்தாச்சு."

அன்றே அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

5

முடிவுக்கு முயன்றேன். இருவரும் போகிறார்கள், ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது, அவள் கை நீட்டுகிறாள்... எழுதின எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் மட்டும் கிளம்பிப் போய்... தனக்கென்று ஒரு டீ போட்டுக் குடித்தறியாத மனுஷர். அதையும் நிறுத்தினேன்.

ஃபிரிட்ஜை மூடிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "தனியாத்தான் போயிருக்கா சார். அதுதான் தாங்க முடியல."

"மலை எப்படி இருந்துச்சாம்?" என்றேன்.

திருப்புளியும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதக் கேக்கலியே சார்."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. வேண்டுமானால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.