சிலேட்டுக் கல்

ஹன்னா படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பாவுக்குக் கோட்டு மாட்டியாகிவிட்டது. டை கட்டுவது எப்படி என்று சபை மூப்பர்கள் இருவர் அடங்கிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் என்ற அந்தப் பர்மியப் பேட்டையில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மூன்றாவது மாடிப் படிக்கட்டில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள், அதற்குள் பதில் வரவேண்டும்.

"அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிரு பாப்பா. அவங்க என்ன சொல்றாங்கன்னு என் காதுல போட்டுரு," என்று அப்பா பாக்கியசாமி முந்தாநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார். சொன்னவர் நேற்றுச் சாயங்காலமே போய்விட்டார். இன்று காலை எட்டு மணிக்கு ஹன்னா எழுதி அனுப்பினாள்.

அந்தம்மாவின் பெயர் மேகன். வேல்ஸ் எல்லையில், ஓர் ஆற்றங்கரைக் கிராமம். எதிர்க்கரை இங்கிலாந்து. நடுவில் ஒரு பாலம் இருந்தது; அதைத் தவிர இரண்டு ஊருக்கும் பொதுவாக எதையும் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஈவன் பிரைஸ் என்று ஒரு பையன் வேல்ஸ் கரையில் பிறந்து, அக்கரைக் கோயிலில் மணியடித்து, பிழைப்புக்காக இங்கே பக்கத்தில் தன்லியின் என்ற ஊரில் இருந்த எண்ணெய் ஆலைக்கு வந்து, காய்ச்சலில் செத்துப்போனான். நூறு வருஷமாக இரண்டு ஊரும் அவனை எங்கள் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஊர் வரலாறு எழுதக் கிளம்பிய மேகன், அவன் கல்லறையைத் தேடித் தரச் சொல்லி இருபது வருஷத்துக்கு முன் இங்கே சபைக்கு எழுதினார். மறு வாரமே அக்கரையிலிருந்து டோரதி என்பவரும் எழுதினார். இரண்டு கடிதமும் சபைச் செயலாளர் பாக்கியசாமியின் மேஜைக்கு வந்தன.

பதிவேட்டில் பெயர் இருந்தது. கல்லறைதான் இல்லை. பழைய கல்லறைத் தோட்டத்தை எப்போதோ காலி செய்து ஊருக்கு வெளியே மாற்றியபோது கற்கள் போன இடம் தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று எழுத அப்பாவுக்கு மனசு வரவில்லை. புதுத் தோட்டத்தின் மூலையில் எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு சிமெண்டுக் கல்லைக் கழுவி, செவ்வந்தி வைத்து, படம் எடுத்து, இதுதான் என்று இரண்டு ஊருக்கும் அனுப்பினார். ஒரு தடவையோடு விட்டாரா? வருஷா வருஷம் போனார். ஒரே தேதிக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் மேகன் ஊருக்காக மார்ச்சிலும் டோரதி ஊருக்காக நவம்பரிலும் போனார். சின்ன வயதில் ஹன்னாவும் வாளியோடு கூடப் போவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, ஈவன் பிரைஸ் ஏதோ சொந்தச் சித்தப்பா மகன் மாதிரி, அவன் குறும்புகளையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். இறங்கியதும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கித் தருவார். அந்த நாட்களில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

தம்பி ஜேம்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்னக்கா, பதில் வந்துச்சா?"

"இல்ல."

"அங்க இன்னும் விடிஞ்சே இருக்காது. அப்பாவ ஒரு குத்தம் சொல்ல இந்த ஊர்ல ஆள் கெடையாது. அவரு போற அன்னிக்கு நீயே பொய்யர்னு எழுதிக் குடுத்திருக்க."

"அவருதான சொல்லச் சொன்னாரு?"

"காய்ச்சல்ல சொன்னாரு."

"நல்லாக் கண்ணத் தொறந்து பாத்துச் சொன்னாருடா. நீ அப்ப அங்க இல்ல."

ஜேம்ஸ் உள்ளே போனான். அவன் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று ஹன்னாவுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கிழவி கோபத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அதை எப்படி அப்பா காதில் போடுவது?

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பதில் வந்தது. நின்றபடியே படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மூடலாமாம்மா?" என்றார் மூப்பர் மோகன்.

"ஒரே நிமிஷம் மாமா."

அப்பாவின் காதருகே குனிந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, அது ஈவன் கல்லு இல்லன்னு மொதப் படத்துலயே அவங்களுக்குத் தெரியுமாம்ப்பா. ஈவனோடது சிலேட்டுக் கல்லாம். ஈவனோட அம்மா ஊர்லேர்ந்து கப்பல்ல அனுப்புனது. கல்லு வேல்ஸ் மலையில வெட்டுனது, எழுத்து வெட்டுனவரு அக்கரைக்காரராம். உங்க படத்தப் பாத்துட்டு மேகனம்மாவும் டோரதியம்மாவும் பாலத்துல நின்னு பேசுனாங்களாம். யாரு கல்லையோ இவ்வளவு சுத்தமாக் கழுவிப் பூ வச்சிருக்காரே, இந்த மனுசன்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்னு முடிவு பண்ணாங்களாம். ரெண்டு ஊரும் ஒத்துப்போனது அது ஒண்ணுலதானாம். மன்னிக்க ஒண்ணுமில்லையாம்ப்பா. நாங்களும் இருபது வருசமாத் தெரியாத மாதிரிதான இருந்தோம், நீங்கதான் எங்கள மன்னிக்கணுங்கிறாங்க."

அவள் நிமிர்ந்தாள். முணுமுணுப்பும் மன்னிப்பும் காதில் விழுந்ததில், மகள் ஜெபம் பண்ணுகிறாள் என்றே எல்லாரும் நினைத்துத் தலை கவிழ்ந்திருந்தார்கள். மோகன் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றார். கூட்டம் முழுவதும் சொன்னது.

மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜேம்ஸ், எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக "ஆமென்" என்றான்.