தந்தையோடு வருக

மாணவர்மேல் பிரம்பு படக்கூடாதென்று ஆணை வந்த மறு ஆண்டு, வேப்பந்தட்டைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியையாக வந்தார் தேவயானி. முன்னிருந்தவர் மேசைமேல் பிரம்பை வைத்தே பள்ளியை ஆண்டவர். தேவயானி அதைத் தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் போட்டார். அதற்கு ஈடாக, அறை வாசலிலிருந்த கரும்பலகையில் ஒரே ஒரு விதியை எழுதிவைத்தார்: ‘தவறு செய்தவர் தந்தையோடு வருக.’

தந்தையர் வந்தார்கள், கைகட்டி நின்றார்கள், போனார்கள். வகுப்புகளின் இரைச்சல் மட்டும் அடங்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் சிவசுப்பிரமணியன் எதிர்ப்படும்போதெல்லாம், "சத்தம் கேக்குதுங்களா மேடம்?" என்பார். அது தேவயானிக்குச் சோற்றுக் கல்லாய் நெருடியது. இந்த விதியும் தோற்றால், ஆணையாவது ஒன்றாவது என்று ஆளுக்கொரு பிரம்பு ஒடித்துவரப் பாதி ஆசிரியர்கள் காத்திருந்தார்கள்.

அன்று காலை பத்தாம் வகுப்பு ராஜேஷ் வந்து நின்றான். முந்தின நாள் வகுப்பு நடக்கையிலேயே சுவரேறிக் குதித்தவன். திருப்புதல் தேர்வு தொடங்கும் நாள் அது. தந்தை வராமல் அவன் தேர்வெழுத முடியாது. பக்கத்தில், துண்டை இடுப்பில் கட்டிய ஓர் ஆள்.

"இவன் அப்பனுங்க. சிங்காரவேலு."

"பிள்ளையைக் கண்டிப்பதில்லையா?"

"கண்டிக்காம என்னங்க!" என்றவர், பையன் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விட்டார்.

ராஜேஷ் துள்ளினான். "அண்ணே! அடிக்கறதுலாம் நாம பேசவே இல்லயே!"

வாசலில் நின்ற சிவசுப்பிரமணியன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணனா?" என்றார் தேவயானி.

சிங்காரவேலு தலையைச் சொறிந்தார். "பஸ் ஸ்டாண்டுல டீக்கடைங்க. இவன் அப்பன் கேரளாவுல இருக்காரு, தீவாளிக்குத்தான் வருவாரு. நீங்க அப்பன்தான் வரணும்னு எழுதிப் போட்டுட்டீங்க. புள்ளைங்க எங்க போவும்?"

"வேறு யாருக்கெல்லாம் வந்தீர்கள்?"

"நான் இன்னிக்குத்தாங்க. போன வாரம் இவன் கூட்டாளி மகேசுக்கு அப்பனா சைக்கிள் கடைக்காரரு வந்தாரு. அழுது அசத்திட்டாருன்னாங்க. அதான் நானும் கொஞ்சம் கூடுதலா பண்ணிட்டேன்."

தேவயானிக்கு முகம் எரிந்தது. அந்த அழுகையைத்தான் ஆசிரியர் கூட்டத்தில் அவர் பெருமையாக எடுத்துச் சொல்லியிருந்தார். இன்றோ, பிரம்பை ஒழித்த அறையிலேயே ஒரு பிள்ளை அடி வாங்கிவிட்டான்.

"பொய் சொல்லியிருக்கான் மேடம். வெளிய அனுப்புங்க. இல்லாட்டி நாளைக்கி ஒருத்தனும் உங்கள மதிக்க மாட்டான்" என்றார் சிவசுப்பிரமணியன்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனாலும் தேவயானி பையன் பக்கம் திரும்பினார்.

"ராஜேஷ், தேர்வுக்குப் போ. மாலையில் நீ மட்டும் வா. நேற்று ஏன் சுவரேறினாய் என்று நான் இன்னும் கேட்கவேயில்லை."

பிறகு எழுந்து போய், கரும்பலகையைத் தம் கையாலேயே துடைத்தார்.

செய்தி மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை அறை வாசலில் என்றுமில்லாத கூட்டம்: தாமதமாக வந்தவர்கள், சண்டையிட்டவர்கள், வீட்டுப்பாடம் எழுதாதவர்கள். ஒருவரோடும் பெரியவர் இல்லை. முதலில் நின்ற ஆர்த்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா வேணாமுங்களா டீச்சர்?"

"வேண்டாம். என்ன நடந்தது, நீயே சொல்."

ஆர்த்தி பின்னால் நீண்ட கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரு சொல்றதையும் கேக்க உங்களுக்கு நேரம் பத்துமாங்க?"